ஈற்றுப்புள்ளி யாருக்குச் சொந்தம்? மின்னஞ்சல் நிரல்களின் உரைமரபு குறித்து ஓர் ஆய்வு

மின்னஞ்சலில் ஓர் இணைய முகவரியைத் தட்டி, அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்து வாக்கியத்தை முடிக்கிறோம். உடனே முகவரி நீலமாகி அடிக்கோடு பெறுகிறது. அந்த அடிக்கோடு புள்ளிக்கு முன்பே நின்றதா, புள்ளியையும் சேர்த்துக்கொண்டதா? இதை உற்றுப் பார்த்தவர் குறைவு. ஒரு பாட்டின் கூற்று தலைவியுடையதா தோழியுடையதா என்று நூறு பக்கம் எழுதத் தயங்காத நம் புலமை உலகம், ஒரு புள்ளி அகலமே உள்ள இந்த வழக்கைத் தீண்டவே இல்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே நிறுவப்போவது இது: மின்னஞ்சல் நிரல் இணைப்பைக் கண்டறிகிறது என்று சொல்வது உபசார வழக்கு. உண்மையில் அது உரை எழுதுகிறது. சொல் எங்கே முடிகிறது, எழுதியவர் கருத்து யாது, இந்தக் குறி மூலத்தைச் சேர்ந்ததா பின்னால் ஒட்டியதா என்று இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் பட்ட பாட்டையே நிரலும் படுகிறது. உரையாசிரியர் என்று வந்துவிட்டால் உரை வேறுபாடு உண்டு, பிடிவாதம் உண்டு, தம் காலத்து வழக்கை மூலத்தின் மேல் ஏற்றிச் சொல்வதும் உண்டு. நிரலிடம் இம்மூன்றும் இருக்கின்றன.

இலக்கண நூல் இருக்க உரை எதற்கு என்று கேட்கலாம். நூல் இருப்பது உண்மைதான். 1994 டிசம்பரில், இணையத் தரநிலை ஆவணங்களின் வரிசையில் ஆர்எஃப்சி 1738 என்ற எண்ணோடு முகவரி இலக்கணம் வெளிவந்தது. அதை எழுதிய மூவரில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒருவர். இன்று நடப்பில் உள்ளது 2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986. அதன்படி முகவரியில் வரத்தக்க குறிகள் 84, சதவீதக் குறியையும் கணக்கில் கொண்டால் 85. இவற்றில் ஆங்கில எழுத்தும் எண்ணும் 62. சிக்கல் மீதி 22இல் இருக்கிறது. அந்த 22இல் முற்றுப்புள்ளி உண்டு. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறி, ஒற்றை மேற்கோள், பிறையடைப்புகள் எல்லாம் உண்டு. இரட்டை மேற்கோளை மட்டும் விலக்கியிருக்கிறார்கள். அதாவது ஆங்கில வாக்கியத்தை முடிக்க வல்ல குறிகளில் ஏறக்குறைய அனைத்தும் முகவரியின் ஈற்றிலும் சட்டப்படி நிற்கலாம். இலக்கணத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்கும் நிரல், வாக்கியத்தை முடித்த புள்ளியை விழுங்கியே ஆகவேண்டும். விழுங்கிய நிரலை யாரும் இலக்கணப் புலி என்று பாராட்டப் போவதில்லை, இணைப்பு திறக்கவில்லை என்று திட்டத்தான் செய்வார்கள். ஆகவே நிரலாளர்கள் நூலை ஓரமாக வைத்துவிட்டு வழக்கைப் பற்றிக்கொண்டார்கள்.

வழக்கு எப்படி உருவானது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. தண்டர்பேர்டு மின்னஞ்சல் நிரலின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. வெறும் உரையில் முகவரி தேட அது நான்கு வழிகளை வைத்திருக்கிறது. 1994 ஆவணம் சொன்னபடி முன்னொட்டோடு கோண அடைப்புக்குள் வருவது ஒன்று. கோண அடைப்புக்கோ மேற்கோளுக்கோ உள்ளே வருவது ஒன்று. காப்பு ஏதுமின்றி வாக்கியத்தின் நடுவே வருவது ஒன்று. மூன்று டபிள்யூவில் தொடங்கும் குறுக்கம் ஒன்று. மூன்றாவதுதான் உலக நடப்பு, அங்கேதான் உரைத்திறனும் தேவைப்படுகிறது. முகவரியின் கடைசியில் நிற்கும் புள்ளி, காற்புள்ளி, வினா, வியப்பு போன்றவற்றை அது உதிர்த்துவிடுகிறது. மூடும் பிறையடைப்பு வந்தால், திறக்கும் பிறையை முகவரிக்குள் ஏற்கனவே பார்த்தோமா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறது. பார்த்திருந்தால் உள்ளே விடுகிறது, இல்லையென்றால் அது வாக்கியத்தின் அடைப்பு என்று வெளியே நிறுத்துகிறது. நிரலாளர்கள் மூலநிரலைப் பகிரும் கிட்ஹப் தளம் தன் குறிப்பு மொழிக்கு வகுத்த விதியும் இதையே வேறு வாய்பாட்டில் சொல்கிறது: திறப்பவற்றைவிட மூடுபவை மிகுந்தால் மிகுந்ததைக் கழி. ஒருவரை ஒருவர் கேட்காமலே இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கலாம். நல்ல உரையாசிரியர்களிடையே இது நடப்பதுதான்.

இந்தப் பிறைக்கணக்கு வீண் நுணுக்கம் என்று எண்ணுவோர் ஆங்கில விக்கிப்பீடியாவைப் பார்க்க வேண்டும். மெர்க்குரி என்ற ஒரே பெயரைப் புதன் கோளும் பாதரசமும் ரோமானியத் தெய்வமும் பங்கிட்டுக்கொள்வதால், எந்த மெர்க்குரி என்பது முகவரியின் ஈற்றில் பிறையடைப்புக்குள் நிற்கிறது. கடைசிப் பிறையை நிரல் தள்ளிவிட்டால் கோள் இருந்த இடத்தில் அப்படியொரு கட்டுரை இல்லை என்ற அறிவிப்பு வருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் திரைப்படப் பெயர்களின் பின்னால் பிறைக்குள் ‘திரைப்படம்’ என்று சேர்க்கும் பழக்கம் இருப்பதால் இது கோள்களோடு நிற்கும் துன்பமும் அன்று. வலைப்பதிவர் ஜான் குரூபர் 2009இல் வெளியிட்டு 2010இல் திருத்திய புகழ்பெற்ற ரெஜெக்ஸ் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடித் தரும் வாய்பாடு) ஒன்று, பிறைக்குள் பிறை வரை சமன் பார்த்து, அதற்குமேல் போகாமல் நிறுத்திக்கொண்டது. இது சோம்பல் அன்று. எத்தனை அடுக்குப் பிறை வந்தாலும் எண்ணிச் சரிபார்க்கும் ஆற்றல் கணிதப் பொருளில் ரெஜெக்ஸுக்குக் கிடையாது. ஈற்றுப்புள்ளியோ இன்னும் பொல்லாதது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ஆங்கில விக்கிப்பீடியா முகவரி, சுருக்கம் காட்டும் புள்ளியோடு முடிகிறது. நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியருடையதும் அப்படியே. வாம் இசைக்குழுவின் முகவரி வியப்புக்குறியில் முடிகிறது. இவற்றை வாக்கியத்தின் ஈற்றில் எழுதுபவர் இரண்டு புள்ளி வைத்தாலும் நிரல் இரண்டையும் உதிர்க்கும். பிறைக்கு இணை உண்டு, எண்ணிப் பார்க்கலாம். புள்ளி தனியாள், அதன் குலத்தை விசாரிக்க வழியே இல்லை.

முதல் தடையை இங்கே எதிர்கொள்ள வேண்டும். முகவரியைக் கோண அடைப்புக்குள் எழுதுங்கள் என்று 1994ஆம் ஆண்டு ஆவணமே பின்னிணைப்பில் பரிந்துரைத்தது, 2005 ஆவணமும் அதைத் திரும்பச் சொன்னது. பயனர்கள் கேட்கவில்லை, இதற்கு நிரல் என்ன செய்யும் என்பது அந்தத் தடை. பரிந்துரை சரியானதுதான். ஆனால் அது முகவரியை எழுதுபவர் தாம் எழுதுவது எங்கே முடிகிறது என்பதில் கவலை உள்ளவர் என்று நம்புகிறது. அப்படிப்பட்டவர் முகவரியைத் தனி வரியில் எழுதிவிட்டுப் போவார், அவருக்கு அடைப்பே வேண்டாம். அடைப்பு வேண்டியவரோ கோண அடைப்பு விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று தேடமாட்டார். போதாக்குறைக்கு வலைப்பக்க மொழிக்கும் கோண அடைப்புதான் உயிர்நாடி. கவனமில்லாத நிரல் அதற்குள் உள்ள முகவரியை ஏதோ கட்டளை என்று எண்ணி மொத்தமாக மறைத்துவிடும். காப்புக்கு வைத்த வேலி பயிரோடு போன கதை.

இனி விநோத எழுத்துகள். எந்த எழுத்தும் பிறவியிலேயே விநோதமானது அன்று. யாருடைய விசைப்பலகையில் இல்லையோ அவருக்கு அது விநோதம். சான்றுக்கு அலைக்குறியை (~) எடுத்துக்கொள்வோம். யூனிக்ஸ் கணினிகளில் ஒருவரது சொந்தக் கோப்பகத்தைக் குறிக்கும் சுருக்கம் அது. அதனால்தான் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பெயருக்கு முன்னால் அலை வைத்த முகவரிகள் பெருகின. ஆனால் 1994 ஆவணம் அலையைப் பத்திரமில்லாத குறிகளின் பட்டியலில் போட்டது, கடத்தும் கணினிகள் வழியில் அதை மாற்றிவிடலாம் என்பது காரணம். அச்சம் பொய்யும் அன்று: பழைய ஜெர்மானிய ஏழு பிட்டுக் குறிமுறையில் அலை இருக்க வேண்டிய இடத்தில் ஜெர்மன் மொழிக்கே உரிய இரட்டை எஸ் எழுத்து குடியிருந்தது. 1998இல் ஆர்எஃப்சி 2396 அலையை மன்னித்துச் சாதாரணக் குறிகளோடு சேர்த்துக்கொண்டது. நான்கு ஆண்டு தள்ளிவைப்புக்குப் பிறகு ஊரோடு சேர்க்கப்பட்ட அந்த எழுத்தின் வடிவில் இடையில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது உரைதான். அடிக்கோட்டுக் குறியின் கதியோ வேறு மாதிரி: சட்டத்தில் அதற்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் இணைப்பு ஆனதும் நிரல் வரையும் நீலக்கோட்டில் அது மறைந்து இடைவெளி போலத் தோன்றுகிறது. கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொள்பவர் ஏமாறுகிறார்.

அலைக்கே இத்தனை என்றால் தமிழுக்கு எத்தனை? 2007 அக்டோபரில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு, ஆங்கில எழுத்தல்லாத டொமைன் பெயர்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கப் பதினொரு சோதனைப் பெயர்களை இணையத்தில் ஏற்றியது. தமிழுக்கு வாய்த்தது ‘உதாரணம்.பரிட்சை’. (பரீட்சையின் நெடில் குறுகியது விகாரமா பிழையா என்ற ஆராய்ச்சியைப் பிறருக்கு விடுகிறோம்.) சோதனை முடிந்ததும் அப்பெயர்கள் நீக்கப்பட்டன, ஆனால் இலக்கிய மதிப்பு கருதி நாம் அதையே எடுத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், ‘சொல்லில் வரும் எழுத்து’ என்று ரெஜெக்ஸில் பொதுவாகச் சுட்டினால் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரும். அந்த நெறியில் எழுதிய நிரலுக்கு உதாரணம் என்பது காற்று. பைத்தான் இன்னும் தாராளமானது, உலகத்து எழுத்துகளையெல்லாம் ஏற்கும். ஆனால் யூனிகோட் கணக்கில் உயிர்மெய்யின் கால், கொம்பு, சுழி எல்லாம் எழுத்துகள் அல்ல, குறிகள். மெய்யின் புள்ளியும் குறிதான். பைத்தானின் ‘சொல்லெழுத்து’ வகைக்குள் குறிகளுக்கு இடமில்லை. எனவே உதாரணம் என்ற சொல்லைக் கொடுத்தால் அது ‘உத’ என்றும் ‘ரணம’ என்றும் இரண்டு துண்டாகத் திரும்பி வருகிறது. உதாரணத்தைப் பிளந்தால் உள்ளே ரணம் இருக்கிறது என்பது கவிஞர்களுக்குப் பயன்படலாம், இணைப்புக்குப் பயன்படாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஓலை கிழியுமென்று ஏடெழுதியோர் அதை விட்டார்கள். அச்சு வந்து அதை மீட்டது. இப்போது நிரல் அந்தப் புள்ளியில் வந்து முகவரியைக் கிழிக்கிறது. வரலாற்றில் இவ்வளவு சின்னப் பொருள் இவ்வளவு காலம் இடைஞ்சலாக இருந்ததற்கு இன்னொரு சான்று கிடைப்பது அரிது.

முகவரியில் டொமைன் பெயருக்குப் பின்னால் உள்ள பாதையில் வரும் தமிழைச் சதவீதக் குறிகளாக மாற்றி எழுதினால் தீர்ந்தது என்பார் உளர். தீரும், ஆனால் விலையைப் பார்க்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு. ஒரு பைட்டை எழுதச் சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும் சேர்ந்து மூன்று இடம். ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடம். தமிழ் என்ற சொல், புள்ளியும் மேல்விலங்கும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஐந்து குறியீடு. எழுதி முடித்தால் 45 இடம். கம்பராமாயணம் நம் கணக்கில் எட்டெழுத்து, யூனிகோட் கணக்கில் பன்னிரண்டு குறியீடு, சதவீதக் கணக்கில் 108. அர்ச்சனைக்கு உகந்த எண்தான், மின்னஞ்சலுக்கு உகந்தது அன்று. ஒரு வரி 78 குறிகளைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று மின்னஞ்சல் தரநிலை சொல்கிறது. வரியை மடிக்கும் பழைய நிரல்களின் கையில் சிக்கினால் கம்பராமாயணம் யுத்த காண்டத்துக்கு முன்பே முறிந்துவிடும். அப்படி முறியாமல் வந்து சேர்ந்தாலும் அந்த 108 குறிகளைப் பார்த்து எது எந்த நூல் என்று மனிதர் எவரும் சொல்ல முடியாது. படிக்க முடியாத முகவரியை அழுத்தக் கூடாது என்றுதான் பாதுகாப்பு அறிவுரைகள் சொல்கின்றன.

பாதுகாப்பு என்றதும் இன்னொரு தரப்பு எழுந்து நிற்கிறது: விநோத எழுத்துகளை ஏற்காமல் இருப்பதே நல்லது, ரஷ்ய எழுத்தில் ஆங்கிலத்தைப் போலவே தோன்றும் போலி முகவரிகளை வைத்து மோசடி நடக்கும் என்று. இந்த ஆபத்தை 2002இலேயே ஓர் ஆய்வுக்குறிப்பு, மைக்ரோசாஃப்ட் பெயரில் ரஷ்ய எழுத்தைக் கலந்து பதிவு செய்தே காட்டிவிட்டது. அச்சம் நியாயமானது. ஆனால் அதைத் தடுக்கும் இடம் டொமைன் பதிவும் உலாவியும். எழுத்துகள் கலந்திருந்தால் உலாவிகள் முகவரியை அதன் ஆங்கில மாற்றுருவில் காட்டுகின்றன. மின்னஞ்சல் நிரல் பாதி முகவரியை மட்டும் நீலமாக்குவதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. பாதி முகவரியும் ஒரு முகவரிதான், அது எங்கே போகும் என்பது எழுதியவருக்கே தெரியாது.

முகவரியின் தொடக்கத்தைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. முக்காற்புள்ளியும் இரட்டைச் சாய்கோடும் வந்தால் முகவரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்த இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லாத ஒன்று என்று 2009இல் பெர்னர்ஸ்-லீ சொன்னார். இணைப்பு தேடும் நிரல்கள் மட்டும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதைத் தட்டச் சோம்பி மக்கள் வெறும் பெயரை எழுதத் தொடங்கியதும்தான் குழப்பம் வந்தது. 2023 மே மாதம் ஜிப் என்ற ஈறு டொமைனாக விற்பனைக்கு வந்தபின், இணைத்திருக்கிறேன் என்று சொல்லி எழுதும் கோப்பின் பெயர்கூட முகவரியாகும் தகுதி பெற்றுவிட்டது. தமிழுக்கும் இந்தப் பேறு உண்டு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றும் தமிழெழுத்திலேயே டொமைன் ஈறுகளாக இருக்கின்றன. புள்ளிக்குப் பின் இடம் விடாமல் ‘நம் மக்கள் வாழ்க.இந்தியா வளர்க’ என்று எழுதினால், நடுவில் இலக்கண சுத்தமாக ஒரு டொமைன் பெயர் பிறந்து நிற்கிறது. நிரல் அதை நீலமாக்கினால் குற்றம் நிரலுடையதா, தேசபக்தருடையதா?

இவ்வளவு ஐயம் இருந்தால், முகவரி அமைந்திருக்கும் கணினியையே கேட்டுவிடலாமே, புள்ளியோடு ஒருமுறையும் புள்ளியில்லாமல் ஒருமுறையும் தட்டிப் பார்த்து எது திறக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாமே என்பது கூர்மையான தடை. வாசகர் அழுத்தும் முன்பே இணைப்பைத் திறந்து சோதிக்கும் பாதுகாப்பு வடிகட்டிகள் ஏற்கனவே உண்டு. ஒருமுறை மட்டுமே திறக்கும் உள்நுழைவு இணைப்புகளை அவை முன்கூட்டித் திறந்து தீர்த்துவிட்டு, உரியவர் அழுத்தும்போது காலாவதி என்ற செய்தியை விட்டுவைக்கின்றன. மணமகன் வருமுன் பந்தியை முடித்த உறவினரை ஊர் மன்னிக்கும், இதை மன்னிக்காது. எல்லா அஞ்சலும் இப்போது வலைப்பக்க வடிவில்தானே வருகிறது, இணைப்பு உள்ளேயே குறிக்கப்பட்டிருக்கிறதே என்போருக்கு விடை சுருக்கமானது: அப்படிக் குறிப்பதும், எழுதுபவர் தட்டும் கணத்தில் இதே ஊகத்தைச் செய்யும் இன்னொரு நிரல்தான். உரை இடம் பெயர்ந்திருக்கிறது, ஒழியவில்லை.

யூனிகோட் அமைப்பு இப்போது 58ஆம் எண்ணிட்ட ஆவணம் ஒன்றில் இணைப்பறிதலுக்கே இலக்கணம் வகுத்திருக்கிறது. உலகத்து எழுத்துகளையெல்லாம் அது ஐந்து சாதியாகப் பிரிக்கிறது: தயங்காமல் உள்ளே வருபவை, கட்டாயம் முறிப்பவை, பின்னால் வேறு ஏதேனும் தொடர்ந்தால் மட்டும் உள்ளே இருப்பவை, திறப்பவை, மூடுபவை. முற்றுப்புள்ளி மூன்றாம் சாதி. தமிழின் எழுத்தும் குறியும் முதல் சாதி, எனவே உதாரணத்தின் ரணம் ஆறும். ஆனால் மருந்தே நோயாகும் இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஆங்கிலத்தில் முகவரிக்குப் பின் இடைவெளி வரும். தமிழில் வேற்றுமை உருபு வரும். ஆங்கில எழுத்தில் அமைந்த ஒரு முகவரியின் வாலில் ‘இல்’ என்று சேர்த்து எழுதுவது நம் இதழ்களிலும் அஞ்சல்களிலும் அன்றாட வழக்கு. தமிழை ஏற்காத பழைய நிரல் அந்த ‘இல்’லை வெளியே தள்ளி, அறியாமையாலேயே சரியான விடை எழுதியது. தமிழை மதிக்கும் புதிய நிரலோ உருபையும் சேர்த்து விழுங்கும். சிறுகோடு போட்டுப் பிரித்தாலும் பயனில்லை, அதுவும் முகவரியில் வரத்தக்க குறி.

உருபை வாலிலிருந்து வெட்டிவிடலாமே என்பது எளிய யோசனை. இலங்கையில் என்ற ஈற்றில் ‘யில்’லை வெட்டினால் இலங்கை கிடைக்கும், உடம்படுமெய்யோடு போகட்டும். சிங்கப்பூரில் என்ற ஈற்றில் எதை வெட்டுவது? ரகரப் புள்ளி நீங்கி இகரம் ஏறி ரி ஆகிவிட்டது. எந்த இடத்தில் அறுத்தாலும் சிங்கப்பூர் கிடைக்காது, சிங்கப்பூர என்றுதான் நிற்கும். வெட்டினால் போதாது, புணர்ச்சியைப் பிரித்துப் புள்ளியை மீண்டும் வைக்க வேண்டும். நன்னூலின் மெய்யீற்றுப் புணரியலையும் உருபு புணரியலையும் மின்னஞ்சல் நிரலுக்குள் ஏற்றாமல் இது நடவாது, பவணந்தியாரை ஆலோசனைக் குழுவில் சேர்க்க இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. உருபே இல்லாமல் தொகையாக எழுதச் சொல்லலாமே என்பது கடைசித் தடை. ‘உதாரணம்.இந்தியா பார்க்க’ என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையில் எழுதினால் அங்கே வலி மிகாது, முகவரி சேதமின்றித் தப்பும். ‘உதாரணம்.இந்தியாப் பக்கம்’ என்று ஆறாம் வேற்றுமைத் தொகையில் எழுதுகிறவருக்கு ஒரு பகர ஒற்று வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த ஒற்றை உதிர்க்க வேண்டியது எழுதியவரா நிரலா என்பதில் 58ஆம் ஆவணம் மௌனம் சாதிக்கிறது.